வன்னிச் சூட்டில் ஒரு பெட்டிச் சுருட்டு

முள்ளியவளையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கனடாவிலிருந்து வந்த சித்தப்பா, அப்பாவுக்கென்று ஒரு பெட்டி கியூபாச் சுருட்டு, 25 சுருட்டு, கொடுத்துவிட்டுப் போனாராம். "காய விடாதேங்கோ, பெட்டிக்குள்ளே ஈர ஸ்பொஞ்ச் வையுங்கோ" என்று சொல்லியிருக்கிறார். அப்படியே வைத்தார்களாம். இப்போது ஆவணி. இரண்டு சுருட்டில் வெள்ளையாகப் பஞ்சு போல ஏதோ பிடித்திருக்கிறது. ஒன்றில் குண்டூசியால் குத்தியது போல ஒரு துளை. வாயில் வைக்கும் பக்கத்தை அப்பா பாக்குவெட்டியால் வெட்டினால் தலை பிளந்து இலை கழன்று வருகிறது. எந்தக் கட்டர் வாங்குவது, எதில் வைப்பது, மிச்சத்தைக் காப்பாற்ற முடியுமா என்பது அவருடைய கேள்வி.

காப்பாற்றலாம். முதல் வேலையாக அந்த ஸ்பொஞ்சை எடுத்து வெளியே போடுங்கள். மற்றக் கதையைப் பிறகு பார்க்கலாம்.

சித்தப்பா பிழையாகச் சொல்லவில்லை. அவர் இருக்கிற ஊருக்கு அது சரி. குளிர் நாட்டில் பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும். அந்தக் காற்றில் ஈரப்பதன் 30 வீதத்துக்கும் கீழே போய்விடும். அங்கே ஒரு சுருட்டை மேசையில் வைத்தால் நாலைந்து நாளில் மொறுமொறுத்துவிடும். அதனால்தான் அங்கே எழுதப்படும் குறிப்புகள் எல்லாம் தண்ணீர் கொடு, ஈரம் கொடு என்றே சொல்கின்றன. வன்னியில் கதை நேர்மாறு. மாரியில் எங்கள் காற்று ஏற்கனவே நனைந்த துணி மாதிரி இருக்கும். வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நண்பகலில் உதடு வெடிக்கும், ஆனால் விடியப்புறம் ஈரம் திரும்பவும் ஏறிவிடும். இங்கே சுருட்டுக்கு எதிரி காய்ந்துபோவது இல்லை, சூடுதான். ஈரம் கூடுவதும் குறைவதுமாக ஆடும் ஆட்டம் இரண்டாவது எதிரி. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் எந்தச் சாமான் தேவை, எது தேவையில்லை என்பது தானாகவே விளங்கும்.

நான் இதைப் பற்றிப் பேசுகிற காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் ஐயா சுருட்டுச் சுற்றியவர். வலிகாமத்தில் ஒரு சுருட்டுக் கொட்டிலில் 20 வருடத்துக்கு மேல் இருந்தார். ஒருவர் நடுவில் இருந்து பத்திரிகையை உரத்து வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். கியூபாவிலும் 1865 முதல் சுருட்டுத் தொழிற்சாலைகளில் இதே பழக்கம் இருந்தது என்று பிற்காலத்தில் அறிந்தபோது, ஐயா இருந்தால் சொல்லியிருக்கலாமே என்று மனம் தவித்தது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு கிளாலி தாண்டி வன்னிக்கு வந்தோம். பிறகு நான் சூரிச்சில் ஒரு சுருட்டுக் கடையில் 11 வருடம் வேலை பார்த்தேன். திரும்பி வந்து இப்போது மாங்குளத்தில் இருக்கிறேன். ஐயாவின் கையில் பார்த்ததையும் அந்தக் கடையில் படித்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வெள்ளைக்காரர் 'செரூட்' என்று சொல்லும் சொல்லே எங்கள் 'சுருட்டு'தான். ஆகவே இது எங்களுக்கு அந்நியமான பொருள் அல்ல.

ஒன்றைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. ஐயாவுக்கு வாய்க்குள் ஆறாமல் இருந்த புண்தான் அவரைக் கொண்டுபோனது. சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய் மூன்றிலும் புற்றுநோய் வரலாம். ஒரு பெரிய சுருட்டில் ஒரு பெட்டி சிகரெட்டில் இருக்கிற அளவு புகையிலை இருப்பதும் உண்டு. அப்பாவுக்கு இருமலோ இதய வருத்தமோ இருந்தால் இந்தப் பெட்டியை ஞாபகப் பொருளாகவே வைத்திருக்கச் சொல்லுங்கள். பெடியனைக் கடைக்கு அனுப்பிச் சுருட்டு வாங்கும் பழக்கமும் வேண்டாம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயது நிறையாதவருக்குப் புகையிலை விற்பது குற்றம்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

வெள்ளைப் பஞ்சு பூஞ்சணம். சிலர் அதைப் பார்த்து, "நல்ல சுருட்டில் எண்ணெய் பூத்து வெள்ளையாக வரும், பயப்படாதே" என்பார்கள். அப்படிப் பூப்பது மாவு தூவியது போல சுருட்டு முழுவதும் ஒரே சீராக, பொடியாக இருக்கும் என்றுதான் அவர்களே சொல்வார்கள். உங்களுடையது பொட்டுப் பொட்டாக, மயிர் முளைத்தது போல இருக்கிறதென்றால் சந்தேகமே வேண்டாம். காற்றில் ஈரம் 75 வீதத்தைத் தாண்டி, கூடவே 30 பாகைச் சூடும் இருந்தால் பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. ஸ்பொஞ்ச் நிறையத் தண்ணீர், மூடிய பெட்டி, தகரக் கூரை: காலையில் மூடியைத் திறந்தபோது உட்பக்கம் வியர்த்திருந்திருக்கும், கவனித்தீர்களோ தெரியாது.

சுருட்டின் அடியைப் பாருங்கள். அடி என்பது நெருப்பு வைக்கும் பக்கம், வெட்டுவாய் தெரியும் பக்கம். அங்கே உள்ளிலைக்குள்ளும் வெள்ளை இருந்தால் அந்தச் சுருட்டை எறிந்துவிடுங்கள். மேலிலையில் மட்டும் என்றால் வாசலுக்கு வெளியே கொண்டுபோய், காய்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். துடைத்த இடத்தில் கறை நிற்காவிட்டால் அதைத் தனியாக ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாம். மற்றவற்றோடு சேர்க்க வேண்டாம்.

துளைதான் பெரிய பிரச்சினை. அந்தச் சுருட்டை ஒரு வெள்ளைத் தாளில் மெல்லத் தட்டிப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் மா போலக் கொட்டினால் உள்ளே புகையிலை வண்டு இருக்கிறது. இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளம்தான். செம்பழுப்பு நிறம், தலையைக் கீழே மடித்துக்கொண்டு கூன் விழுந்தது போல இருக்கும். உங்களுக்கு அதைத் தெரியாமல் இருக்காது. குசினியில் மிளகாய்த்தூள் போத்தலிலும் மல்லிப் பையிலும் வருகிற அதே வண்டு. அறிவியல் பெயர் லாசியோடெர்மா செரிகோர்னே. முட்டை இலையோடு களஞ்சியத்திலிருந்து வந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. குளிரான இடத்தில் பொரிக்காமல் கிடக்கும். சூடு 25 பாகையைத் தாண்டத் தாண்ட உயிர் பெறும். 30 பாகையும் 70 வீத ஈரமும் அதற்கு மிக உகந்த காலநிலை. வன்னியில் அது ஒரு சாதாரண நாள். ஏறத்தாழ ஒரு மாதத்தில் முட்டை வண்டாகிவிடும். நீங்கள் பார்த்த துளை உள்ளே போன வழி அல்ல, வளர்ந்து முடித்து வெளியே வந்த வழி.

எனக்கும் இது நடந்தது. சின்ன வைன் குளிரூட்டி ஒன்றில் 60 சுருட்டு வைத்திருந்தேன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம்வரை கரண்ட் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பெட்டி இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று திறந்து பார்க்காமல் விட்டேன். சித்திரை முடிந்து திறந்தபோது அடித்தட்டில் மிளகாய்த்தூள் கொட்டியது போல இருந்தது. 22 சுருட்டை முற்றத்தில் போட்டு எரித்தேன். உறைய வைக்காமல் நேரே அடுக்கியது என் பிழை. அதனால்தான் இந்த விஷயத்தில் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே துளை விழுந்ததை எரித்துவிடுங்கள். மிச்சம் எல்லாவற்றையும் உறைய வைக்க வேண்டும். கழித்ததும் தனியாக வைத்ததும் போக, நல்ல சுருட்டுகளை ஒரு பொலித்தீன் பையில் இட்டு, காற்றை மெல்ல வெளியேற்றி இறுக்கிக் கட்டுங்கள். அதை இன்னொரு பைக்குள் போட்டுத் திரும்பவும் கட்டுங்கள். முதல் நாள் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். அடுத்த நாள் மேலே உறைபெட்டிக்கு மாற்றுங்கள். அங்கே −18 பாகையில் மூன்று முழு நாள், நாலு நாள் என்றால் இன்னும் நல்லது. பிறகு ஒரு நாள் திரும்பவும் கீழ்த்தட்டு, அதற்குப் பிறகு ஒரு நாள் அறைக்குள். அதுவரை பையை அவிழ்க்கக் கூடாது. அவசரப்பட்டு அவிழ்த்தால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த இலையில் பனியாகப் படிந்து, மேலிலை வீங்கி வெடிக்கும். படிப்படியாக இறக்கி, படிப்படியாக ஏற்றுவதுதான் இதில் எல்லாம்.

வீட்டுப் பிரிட்ஜின் சின்ன உறைபெட்டி பல நேரம் −18க்குப் போகாது, கரண்ட் போனால் இன்னும் மோசம். தெரிந்த கடைக்காரர் ஐஸ்கிரீம் பெட்டி வைத்திருந்தால் அவரிடம் கேளுங்கள். மூன்று நாளைக்கு ஒரு சின்னப் பை வைக்க யாரும் மறுக்கமாட்டார்கள். மீன் வைக்கிற பெட்டி வேண்டாம். எத்தனை பை போட்டாலும் அந்த வாசனை எப்படியோ வந்துசேரும்.

கியூபாவிலிருந்து ஏற்றுமதியாகிற சுருட்டுகளை இப்போது அங்கேயே உறைய வைத்துத்தான் அனுப்புகிறார்கள் என்று நீங்கள் யாரிடமாவது கேள்விப்படலாம். உண்மைதான். ஆனால் இடையில் எந்தக் கடையில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று நமக்குத் தெரியாது. இந்த ஊருக்கு வருகிற எந்தச் சுருட்டையும் நான் முதலில் உறைய வைத்துவிட்டுத்தான் பெட்டிக்குள் விடுவேன்.

இனி, எதில் வைப்பது. சுருட்டுக்கென்று விற்கும் மரப்பெட்டியை ஹியுமிடோர் என்பார்கள். உட்புறம் ஸ்பானிய சீடர் பலகை அடித்திருக்கும். பெயரில் சீடர் இருந்தாலும் அது சீடர் அல்ல, எங்கள் வேம்பும் மலைவேம்பும் சேர்ந்த குடும்பத்து மரம், தாவரப் பெயர் செட்ரெலா ஓடராட்டா. ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு திரும்பக் கொடுக்கும், நல்ல வாசனையும் உண்டு. அதைக் கேட்டுவிட்டு ஒருவர் என்னிடம், "அப்ப வேப்பம் பலகையில் ஒன்று அடிச்சால் என்ன?" என்று கேட்டார். வேண்டாம். வேம்பின் கசப்பு வாசனை மாதக்கணக்கில் போகாது, புகையிலை அதைக் குடித்துவிடும். தேக்கில் எண்ணெய் வாசனை. முதிரை அழகான மரம், ஆனால் ஈரத்தை வாங்கிக் கொடுக்கும் அந்தக் குணம் அதற்கு இல்லை.

உண்மையைச் சொன்னால் வன்னியில் மரப்பெட்டியே தேவையில்லை. விலை கூடிய மரப்பெட்டியின் மூடியில் எப்போதும் ஒரு மெல்லிய இடைவெளி இருக்கும். மாரியில் அதனூடாக ஈரம் ஏறும், கச்சானில் அதனூடாக இறங்கும். மூடியைச் சுற்றி றப்பர் வளையமும் நாலு பக்கமும் கொளுவியும் உள்ள, சாப்பாட்டுச் சாமான் வைக்கும் பிளாஸ்ரிக் பெட்டிதான் இங்கே எல்லாவற்றிலும் நல்லது. பொருத்தமா என்று பார்க்க எளிய வழி: உள்ளே ஒரு காய்ந்த கடதாசித் துண்டை வைத்து மூடி, வாளித் தண்ணீருக்குள் ஒரு நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். கடதாசி நனையாமல் இருந்தால் வாங்கிய காசு வீண் இல்லை. புதுப் பெட்டியின் பிளாஸ்ரிக் வாசனை போக வெந்நீரில் கழுவி, இரண்டு நாள் திறந்தபடி நிழலில் வையுங்கள். வாசனைச் சவர்க்காரம் போடாதீர்கள். சித்தப்பா தந்த பெட்டியில் சுருட்டு அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய சீடர் தாள் ஒன்று இருந்திருக்கும். பூஞ்சணம் படாமல் இருந்தால் அதை வெயிலில் காயவைத்து இதற்குள் போடுங்கள். மரப்பெட்டியின் நன்மையில் பாதி அதிலேயே கிடைத்துவிடும்.

நாலைந்து சுருட்டுத்தான் என்றால் அகன்ற வாய்ப் போத்தல் போதும், மூடி இறுக்கமாக இருக்கவேண்டும். ஆனால் அதை அலுமாரிக்குள் இருட்டில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் மேலிலை வெளிறும். பிஸ்கட் தகரம் பார்க்கத்தான் இறுக்கம், காற்றுப் போகும்.

பெட்டிக்குள் ஸ்பொஞ்சுக்குப் பதில் என்ன? ஈரம் கொடுக்கவும் எடுக்கவும் தெரிந்த பொதிகள் விற்கிறார்கள். பொவேடா என்ற பெயரில் வருவதுதான் பலருக்கும் தெரிந்தது. உள்ளே இருப்பது உப்புக் கரைசல். மேலே உள்ள தாள் நீராவியை மட்டும் விடும், தண்ணீரை விடாது. காற்றுக் காய்ந்தால் ஈரத்தை விடும், ஈரம் கூடினால் உறிஞ்சும். 62, 65, 69, 72 என்று இலக்கம் போட்டிருக்கும், அது ஈரப்பதன் வீதம். நூல்கள் 70 வீதமும் 18 முதல் 21 பாகையும் சொல்லும். ஏசி ஓடாத வன்னி வீட்டில் அந்தச் சூடு கிடைக்கவே கிடைக்காது. சூட்டைக் குறைக்க முடியாத இடத்தில் ஈரத்தைக் குறைத்துப் பிடியுங்கள்: 65, மாரியில் 62. 25 சுருட்டுக்கு 60 கிராம் பொதி ஒன்று கணக்கு. கொழும்பில் சுருட்டு விற்கும் கடைகளில் கேட்கலாம். சித்தப்பாவிடம் சொன்னால் அடுத்த முறை வருபவர் பையில் நாலு பொதி போட்டு அனுப்புவார். இறுகிக் கல்லுப்போல ஆனால் அதன் வேலை முடிந்தது. எங்கள் ஊரில் அது காய்வதைவிட, ஈரம் குடித்துக் கொழுகொழுவென்று வீங்குவதுதான் கூட. அப்படி வீங்கினால் உங்கள் பெட்டி காற்று விடுகிறது என்று அர்த்தம்.

பொதி கைக்கு வரும்வரை ஒன்றும் வைக்காதீர்கள். ஸ்பொஞ்சோடு இருந்த சுருட்டில் இரண்டு மாதத்துக்கு வேண்டிய ஈரம் ஏற்கனவே இருக்கிறது.

ஈரமானி ஒன்று அவசியம். கையில் அடங்கும் டிஜிற்றல் ஈரமானி பெரிய விலை இல்லை. ஆனால் கடையிலிருந்து வரும்போதே ஐந்து ஆறு வீதம் பிழை காட்டுவது சாதாரணம். அதைச் சோதிக்க உப்புப் போதும். ஒரு சோடா மூடியில் உப்பு நிரப்பி, சேறு மாதிரி ஆகும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். கரைந்துவிடக் கூடாது, தண்ணீர் மேலே நிற்கவும் கூடாது. அந்த மூடியையும் ஈரமானியையும் இறுக்கமான பெட்டி ஒன்றுக்குள் வைத்து மூடி, எட்டு மணிநேரம் விடுங்கள். ஈரச் சாப்பாட்டு உப்பின் மேல் அடைபட்ட காற்று 75 வீதத்தில் வந்து நிற்கும். இது இயற்கையின் கணக்கு, 25 பாகையோ 30 பாகையோ பெரிதாக மாறாது. உங்கள் ஈரமானி 71 காட்டினால் எப்போதும் நாலைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதற்கு ஆனையிறவுக் கல்லுப்பை எடுக்கலாமே என்று தோன்றும். எனக்கும் ஆசைதான். செய்தும் பார்த்தேன், ஈரமானி 75க்குக் கீழேயே நின்றது. காரணம், கழுவாத கல்லுப்பில் மக்னீசிய உப்பும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். மாரியில் சாக்கோடு உப்புக் கசிந்து நிலம் நனைவது அதனால்தான். அது காற்றின் ஈரத்தைத் தன்பக்கம் கூட இழுப்பதால் கணக்குக் கெட்டுவிடும். பைக்கற்றில் வரும் தூள் உப்புச் சரியாக வரும்.

அடுத்தது, பெட்டியை எங்கே வைப்பது. மண் சுவரும் கிடுகு அல்லது பனையோலைக் கூரையும் உள்ள அறை இருந்தால் அதுதான் முதலிடம். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு பலருக்கும் தகரம் அல்லது சீற்றுக் கூரைதான். அந்த வீடுகளில் உயரத்தில், அலுமாரிக்கு மேல் வைக்கவே கூடாது. சூடு மேலேதான் நிற்கும். சூடேறாத சுவரோரம், நிலத்தில், கட்டிலுக்குக் கீழே வையுங்கள். வெயில் படும் சுவரில் கை வைத்துப் பாருங்கள், பின்னேரம் நாலு மணிக்குச் சுடாத சுவர் எதுவோ அதன் பக்கம்.

கச்சான் மாதங்களுக்கு நான் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. ஒரு பெரிய மண்பானை, அதற்குள் இறங்கும் ஒரு சின்னப் பானை. இரண்டுக்கும் நடுவில் ஆற்று மணல். காலையும் மாலையும் அந்த மணலுக்கு ஒரு செம்பு தண்ணீர். பானைகளை நிழலில், காற்று வருகிற திண்ணையில் வையுங்கள். சுருட்டுப் பெட்டியை நன்றாகப் பூட்டி உள் பானைக்குள் இறக்கி, வாயை ஈரச் சாக்கால் மூடுங்கள். பானைத் தண்ணீர் ஏன் குளிருமோ அதே காரணம்தான்: மண் துவாரங்களால் நீர் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். கச்சான் எவ்வளவு வறட்சியாக அடிக்கிறதோ அவ்வளவுக்குப் பானை குளிரும். என் திண்ணையில் நண்பகல் 34 பாகை நின்ற ஒரு நாள் பானைக்குள் 26 காட்டியது. வெளியே நெருப்பு, பானைக்குள் கையை விட்டால் கிணற்றடி. கரண்டும் வேண்டாம். ஆனால் இது இறுக்கமான பெட்டிக்கு மட்டும். சுருட்டை அப்படியே பானைக்குள் வைத்தால் ஸ்பொஞ்ச் கதைதான் திரும்பவும். மாரி தொடங்கினால் நீர் ஆவியாகாது, பானை குளிராது. அப்போது அதை எடுத்து வைத்துவிடலாம், காற்றும் குளிர்ந்துவிடும்.

அப்பாவிடம் உள்ளூர்ச் சுருட்டும் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை இந்தப் பெட்டிக்குள் சேர்க்காதீர்கள். கோடா என்ற பதப்படுத்தும் நீரைப் போட்டுப் பாடம் பண்ணிய புகையிலையின் வாசனை வீரியமானது, ஒரே வாரத்தில் கியூபாச் சுருட்டின் மெல்லிய வாசனையை அமுக்கிவிடும். கோடாவில் இனிப்பும் இருப்பதால் பூஞ்சணமும் சீக்கிரம் பிடிக்கும். எங்கள் சுருட்டுக்கு அதன் தனிப் பெட்டி இருக்கட்டும். அதில் மதிப்புக் குறைவு ஒன்றும் இல்லை, இரண்டும் வேறு வேறு பிறப்பு, அவ்வளவுதான்.

இனி வெட்டுவதற்கு வருவோம். பாக்குவெட்டி ஏன் பிளக்கிறது? அதை ஒருமுறை திறந்து பாருங்கள். மேல் அலகில் மட்டும்தான் கூர் இருக்கிறது. கீழே இருப்பது தட்டையான தாங்கி. கொட்டைப்பாக்கு கல் மாதிரி, நசுங்காது, அதனால் தெறித்து உடையும். சுருட்டு மெத்தை மாதிரி. அலகு இறங்குவதற்கு முன்னமே தாங்கியில் ஒரு பக்கம் நசுங்கித் தட்டையாகிறது, அந்த அழுத்தம் மேலிலையைப் பிளந்துவிடுகிறது. பாக்கு வெட்டிய கறையும் சுவையும் வேறு.

சுருட்டின் தலையைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உச்சியில் வட்டமாக ஒரு சின்ன இலைத் துண்டு, பசையால் ஒட்டியிருக்கும். அதைத் தொப்பி என்று வைத்துக்கொள்வோம். கையால் சுற்றிய கியூபாச் சுருட்டில் பெரும்பாலும் மூன்று மெல்லிய வரி வளையம் தெரியும். அந்தத் தொப்பிதான் மேலிலையைக் கழலாமல் பிடித்திருக்கிறது. தொப்பி முடிகிற கடைசி வரிக்குக் கீழே அலகு இறங்கினால் பிடிப்பு விட்டுவிடும், வாயில் வைத்த சூட்டோடு இலை சுருள் சுருளாகக் கழன்று வரும். உச்சியிலிருந்து ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர், தோள் வளைந்து நேராவதற்கு முன். அதற்கு மேல் வேண்டாம். எங்கள் ஆட்கள் பலருக்கும் பல்லால் கடித்துத் துப்பும் பழக்கம். உள்ளூர்ச் சுருட்டின் தடித்த இலை அதைத் தாங்கும், மற்றது தாங்காது.

வாங்குவதானால் இரட்டை அலகுக் கட்டர் வாங்குங்கள். இரண்டு பக்கமிருந்தும் அலகு ஒன்றையொன்று தேடி வருவதால் எந்தப் பக்கமும் நசுங்காது. ஒற்றை அலகுக் கட்டரில் பாக்குவெட்டியின் அதே குறை கொஞ்சம் உண்டு. சுருட்டின் பருமனைப் பார்த்து வாங்குங்கள். பருமனை அங்குலத்தின் 64இல் ஒரு பங்காகச் சொல்வார்கள். 50 இலக்கம் என்றால் 64இல் 50 பங்கு, ஏறத்தாழ 20 மில்லிமீற்றர். ரொபுஸ்டோ என்ற கட்டைச் சுருட்டு அந்த அளவு. சேர்ச்சில் என்ற நீளச் சுருட்டு 47. கட்டரின் வாய் 22 மில்லிமீற்றராவது விரிந்தால் இந்த இரண்டுக்கும் போதும். மலிவான கட்டரில் அலகுகள் நடுவில் ஆடும். மூடித் திறந்து, விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள்.

வெட்டும்போது: தலையை உதட்டில் ஒருமுறை வைத்து மெல்ல நனையுங்கள், காய்ந்த தொப்பி வெடிக்காது. அலகு தொப்பியைத் தொடும்வரை மெதுவாக மூடுங்கள். தொட்டது கைக்குத் தெரிந்ததும் நில்லுங்கள், இடம் சரியா என்று பாருங்கள், பிறகு ஒரே அமுக்கு. தயங்கித் தயங்கி அமுக்கினால் நசுங்கும். கை நடுங்கும் வயதென்றால் இன்னொரு வழி: கட்டரைத் திறந்து மேசையில் படுக்கப் போடுங்கள். சுருட்டைத் தலைகீழாக அதற்குள் நிறுத்தி, தலை மேசையைத் தொட விட்டு மூடுங்கள். கட்டரின் தடிப்பே அளவாகிவிடும், இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் வெட்டுப்படாது. அப்பாவுக்கு இதைத்தான் காட்டிக் கொடுங்கள்.

வி வடிவில் கீறும் கட்டரும் இருக்கிறது. நல்லதுதான், ஆனால் அலகு மழுங்கினால் தீட்ட முடியாது. பஞ்ச் என்பது தலையில் வட்டமாகத் துளை போடும் சின்னக் குழாய். தொப்பியின் ஓரம் தொடப்படாமலே இருப்பதால் கழலும் பயம் இல்லை. ஆனால் கூர்த்தலைச் சுருட்டுக்கு உதவாது, மொன்ரெகிறிஸ்ரோ இரண்டாம் இலக்கம் போன்றவற்றுக்குக் கட்டர்தான் வேண்டும். வெளிநாட்டுக் கடைகளில் துப்பாக்கி ரவை வடிவத்தில் பஞ்ச் விற்பார்கள், உண்மையான ரவைக் கோதில் செய்ததும் உண்டு. பரிசாக யாராவது அனுப்ப நினைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முற்றத்தைக் கொத்தும்போது இன்னும் கோது வெளிப்படுகிற ஊரில் அதைச் சட்டைப் பையில் வைத்துத் திரிய ஒருவருக்கும் மனம் வராது. விமான நிலையத்திலும் தேவையில்லாத கேள்வி வரும்.

கட்டர் வரும்வரை புது பிளேட் ஒன்று போதும். பலகையில் சுருட்டைப் படுக்க வைத்து, பிளேட்டை அழுத்தாமல் வைத்துக்கொண்டு சுருட்டை மெல்ல உருட்டுங்கள். ஒரு சுற்றில் தொப்பியின் உச்சி மட்டும் காசு போலக் கழன்று வரும்.

பற்றவைப்பதைப் பற்றி அதிகம் இல்லை. நெருப்புக்குச்சி நல்லது, மருந்து எரிந்து முடியும்வரை பொறுத்து, பிறகு கொண்டுபோங்கள். மண்ணெண்ணெய் விளக்கும் பெற்றோல் லைற்றரும் வேண்டாம், முதல் இழுவையிலிருந்து கடைசிவரை அந்த மணம்தான். கச்சானுக்குள் குச்சி நிற்காதென்றால் காஸ் லைற்றர். சீறும் நீலச் சுவாலை லைற்றரைப் பல விமான நிலையங்களில் பறித்துவிடுவார்கள். சித்தப்பாவிடம் அதைக் கேட்காதீர்கள்.

பாக்குவெட்டியில் பிளந்த சுருட்டுகளை எறிந்துவிடவில்லையே? பிளவு தோளோடு நின்றிருந்தால் ஒட்டலாம். ஐயா மாப்பசை தொட்டு ஒட்டுவார். நான் விளாம்பிசின் எடுக்கிறேன், அதற்குச் சுவையும் இல்லை, மணமும் இல்லை. விளாத்தியில் வடிந்து கட்டியான பிசினில் ஒரு மஞ்சாடி அளவு எடுத்து, கொஞ்சத் தண்ணீரில் இரவு ஊறவையுங்கள். காலையில் தேன் பதத்துக்கு வந்திருக்கும். மேலிலை காய்ந்திருந்தால் தொட்டதும் நொறுங்கும். அதனால் முதலில் சுருட்டைச் கொஞ்ச நேரம் வாழையிலைக்குள் சுற்றி வையுங்கள், இலை இளகிவிடும். பிறகு விரல் நுனியில் பிசினை எடுத்து, கழன்ற இலையின் உட்புறத்தில் மட்டும் தடவி, சுற்றிய திசையிலேயே மடித்து, பெருவிரலால் இருபது எண்ணும்வரை பிடியுங்கள். எந்தத் திசை என்று இலை நரம்பைப் பார்த்தால் தெரியும். அரை மணிநேரம் நிழலில் வைத்து, ஒட்டியது இறுகியதும் பெட்டிக்குள் போடலாம். அந்தச் சுருட்டுகளை முதலில் முடிக்கச் சொல்லுங்கள், நல்லவை மார்கழிவரை இருக்கட்டும்.